ஔரங்கசீப்பைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லியில் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் பெயரில் இருந்த சாலை 2015-இல் அப்துல் கலாம் சாலை ஆனது. 2023-இல் ஔரங்காபாத் நகரம் சத்ரபதி சம்பாஜிநகர் ஆனது. 2025 மார்ச்சில் அவரது கல்லறையை அகற்றவேண்டும் என்ற கோரிக்கையைத் தொடர்ந்து நாக்பூரில் கலவரம் மூண்டது. இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வளவு சர்ச்சைக்கு உள்ளாகும் மன்னர் இந்திய வரலாற்றில் வேறொருவர் இல்லை. இந்த விவாதத்தில் பொய்கள் கலந்திருப்பது உண்மைதான் என்றாலும், அதைவிடப் பெரிய சிக்கல் உண்மையான ஆவணங்களைத் தவறாகக் கையாளுவதில் இருக்கிறது.

தவறுகளில் தலையாயது, 1658 முதல் 1707 வரை நீண்ட 49 ஆண்டு ஆட்சியை ஒரே நாளில் நடந்து முடிந்ததுபோல் வாசிப்பது. காசி விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1659-இன் தொடக்கத்தில் காசி அதிகாரி அபுல் ஹசனுக்கு அனுப்பிய ஆணையில், பழைய கோயில்களை இடிக்கக் கூடாது என்றும் அங்குள்ள அந்தணர்களை யாரும் தொல்லை செய்யக் கூடாது என்றும் ஔரங்கசீப் கட்டளையிட்டார். அவரை ஆதரித்து எழுதுவோர் ஏறத்தாழ எல்லாருமே இதைக் காட்டுவார்கள். ஆனால் அதே ஆணை புதிய கோயில்கள் கட்ட அனுமதியில்லை என்றும் சொல்வதைப் பலர் வசதியாக விட்டுவிடுவார்கள். அந்த ஆணை பிறந்த வேளையையும் கவனிக்க வேண்டும். அரியணைக்குப் போட்டியிட்ட அண்ணன் ஷா ஷுஜாவைக் கஜ்வாப் போரில் தோற்கடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. மூத்த அண்ணன் தாரா இன்னும் பிடிபடவில்லை. அரியணை உறுதிப்படாத அந்நிலையில் கங்கைச் சமவெளியில் அமைதி நிலவுவது புதிய அரசருக்கு மிகவும் தேவையாக இருந்தது.

பத்தாண்டுகள் கழித்து, 1669 ஏப்ரலில், தட்டா, முல்தான், காசி ஆகிய இடங்களில் அந்தணர்கள் நடத்தும் பாடசாலைகளுக்கு முஸ்லிம் மாணவர்களும் தொலைவிலிருந்து வருகிறார்கள் என்ற செய்தி அரசவைக்கு எட்டியதாகவும், பாடசாலைகளையும் கோயில்களையும் இடிக்க ஆளுநர்களுக்கு ஆணை பறந்ததாகவும் ‘மஆசிரே ஆலம்கீரி’ என்னும் அரசவை வரலாறு கூறுகிறது. அவ்வாண்டே விசுவநாதர் கோயில் இடிக்கப்பட்டது. மறு ஆண்டு, ஜஹாங்கீர் காலத்தில் பீர்சிங் தேவ் புந்தேலா பெரும்பொருள் செலவிட்டு எழுப்பிய மதுரா கேசவதேவர் கோயிலும் வீழ்ந்தது. இந்த நூல் மன்னர் இறந்த பிறகு, இடிப்பைப் புண்ணியமாகக் கொண்டாடும் மனநிலையில் எழுதப்பட்டது. ஆகவே அதில் மிகை உண்டு என்று வாதிடுவது நியாயமே. ஆனால் அந்த வாதத்தால் காசி நிகழ்வைக் கரைத்துவிட முடியாது. அக்கோயில் இருந்த இடத்தில் நிற்கும் ஞானவாபி மசூதியின் மேற்குச் சுவரில் பழைய கோயிலின் கல் வேலைப்பாடு இன்றும் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது. மதுரா வட்டாரத்தில் அப்போது ஜாட் உழவர்களின் கிளர்ச்சி நடந்ததையும் அங்கிருந்த முகலாயப் படைத்தலைவர் கொல்லப்பட்டதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். அது காரணத்தை விளக்கும், செயலை நியாயப்படுத்தாது. இதே பேரரசர் குவாஹாட்டி உமானந்தர் கோயிலுக்கு மானியத்தை உறுதிசெய்தார் என்பதும் மெய்யே. மானியம் இடிப்பை ஈடுகட்டிவிடாது, இடிப்பு மானியத்தைப் பொய்யாக்கிவிடாது. இவற்றைக் கூட்டிக் கழித்து மீதி பார்ப்பதுதான் தவறு.

எண்ணிக்கையில் செய்யப்படும் தவறும் இதைச் சார்ந்ததே. அறுபதாயிரம் கோயில்கள் என்று ஒரு தரப்பு சொல்லும் கணக்குக்கு ஆவண ஆதாரம் இல்லை. மறு தரப்பு, வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஈட்டன் தொகுத்த 80 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. அது ஔரங்கசீப் ஒருவருக்குரிய எண் அன்று. 1192 முதல் 1729 வரையான ஐந்து நூற்றாண்டுகளில் ஓரளவு உறுதியான சான்று கிடைத்த நிகழ்வுகளின் எண். சான்று கிடைத்தவை இத்தனை என்பதை நடந்தவையே இத்தனை என்று மாற்றிச் சொல்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகும்.

அரசுப் பணியில் இருந்த இந்துக்களின் விகிதமும் இப்படித்தான் பயன்படுத்தப்படுகிறது. வரலாற்றாசிரியர் அதர் அலியின் ஆய்வுப்படி, ஆயிரமும் அதற்கு மேலும் தகுதி எண் பெற்ற மன்சப்தார்களில் (முகலாய அரசின் தரவரிசை அதிகாரிகளில்) இந்துக்கள் ஆட்சியின் முற்பகுதியில் 21.6 விழுக்காடு, 1679-க்குப் பின் 31.6 விழுக்காடு. இதைக் கொண்டு மன்னரின் உள்ளம் விரிந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. தக்காணப் போரில் மராட்டியத் தலைவர்களை விலைக்கு வாங்கப் பதவிகள் வாரி வழங்கப்பட்டதே இந்த உயர்வுக்கு முதன்மையான காரணம். முஸ்லிம் அல்லாதார்மீது விதிக்கப்பட்டு, அக்பர் 1564-இல் நீக்கிய ஜிஸியா வரி மீண்டும் விதிக்கப்பட்டதும் அதே 1679-இல்தான். அதற்கு முன்பே, 1665-இல், வணிகச் சுங்கம் முஸ்லிம்களுக்கு இரண்டரை விழுக்காடு, இந்துக்களுக்கு ஐந்து விழுக்காடு என வேறுபடுத்தப்பட்டு, 1667-இல் முஸ்லிம்களுக்கு அறவே நீக்கப்பட்டது. ஜிஸியாவுக்கு ஈடாக முஸ்லிம்கள் ஜகாத் என்னும் மார்க்கக் கட்டாயக் கொடை கொடுத்தார்களே என்று சமாதானம் சொல்வோர் இந்தச் சுங்கக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

எதிர்த் தரப்பின் பெரும் பிழை, அவரது போர்களை எல்லாம் மதப்போர் என்பது. பிஜப்பூரும் (1686) கோல்கொண்டாவும் (1687) முஸ்லிம் சுல்தான்கள் ஆண்ட நாடுகள். முஸ்லிம் அரசர்மீது முஸ்லிம் அரசர் படையெடுப்பதற்கு மார்க்க ஒப்புதல் தர மறுத்து, தலைமைக் காஜியாக, அதாவது தலைமை மார்க்க நீதிபதியாக, இருந்தவரே பதவியைத் துறந்தார். தந்தை ஷாஜஹான் உயிருடன் இருக்கும்போது மகன் முடிசூடலாமா என்ற கேள்வியிலும் முன்பு இதே சிக்கல் எழுந்தது. அப்போது சாதகமாகத் தீர்ப்புச் சொல்ல ஒருவர் கிடைத்தார், அவருக்குப் பதவியும் கிடைத்தது. மார்க்கம் வழிவிட்டபோது மார்க்கம், இல்லையேல் அரசியல் என்பதே அவரது நடைமுறை என்பது என் கருத்து. ஆனால் இந்த வாதத்தை 1675-இல் டெல்லியில் குரு தேக் பகதூர் கொல்லப்பட்டதற்கும் 1689-இல் மராட்டிய மன்னர் சம்பாஜி சித்திரவதை செய்து கொல்லப்பட்டதற்கும் பதிலாக வைப்பது பண்பன்று.

தாரா வென்றிருந்தால் இந்தியாவே மாறியிருக்கும் என்ற கற்பனையை வரலாறு என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். உபநிடதங்களைப் பாரசீகத்தில் தந்த தாரா பெரிய அறிஞர்தான். அதனால் வாரிசுப் போர் இந்து முஸ்லிம் போராகிவிடாது, ராஜபுத்திரத் தலைவர்கள் இரு பக்கமும் நின்றார்கள்.

தமிழில் எழுதுவோர் செய்யும் தவறு, இதை வடநாட்டுச் செய்தியாகவே பார்ப்பது. சம்பாஜிக்குப் பின் மராட்டியரின் மன்னரான அவர் தம்பி ராஜாராமைப் பிடிப்பதற்காக முகலாயப் படை செஞ்சிக் கோட்டையை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது, ராஜாராம் தப்பினார். பின்னர் அக்கோட்டைக்குக் கில்லேதாராக (கோட்டைத் தலைவராக) ஔரங்கசீப் ஆட்சியில் அமர்த்தப்பட்டவர் சொரூப் சிங் என்ற புந்தேலா ராஜபுத்திரர். அவருடைய மகன்தான், 1714-இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு மாண்டு, நம் கதைப்பாடலில் முஸ்லிம் உயிர்த்தோழனோடு பாடப்படும் தேசிங்கு ராஜன்.