ஜீப் ராங்லரின் பின் ஆக்சிலை மாற்றத்தான் வேண்டுமா?

1997 முதல் 2006 வரை வெளிவந்த டிஜே வகை ஜீப் ராங்லர்கள் பலவற்றில், பின்புறம் டானா 35 என்னும் ஆக்சில்தான் (சக்கரங்களைச் சுழற்றும் அச்சுத் தொகுதி) இருக்கும். வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்: இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் நீள்வட்டமான மூடியில் எண்ணெய் ஊற்றும் துளையை ரப்பர் அடைப்பான் மூடியிருந்தால், பெரும்பாலும் அதுதான்.

31 அங்குல டயரோடு, லாக்கர் (இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுழலும்படி பூட்டும் கருவி) இல்லாமல், காட்டுப் பாதையில் நிதானமாகச் செல்பவர் அதில் கை வைக்க வேண்டியதில்லை. எண்ணெயையும் சீல்களையும் கவனித்துக்கொண்டால் போதும். 33 அங்குல டயரும் லாக்கரும் சேர்ந்து, பாறையில் ஒரே சக்கரத்துக்கு முழு விசையும் போகும்போதுதான் முனையில் 27 பற்கள் கொண்ட அதன் மெல்லிய ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) முறுக்கிக்கொண்டு முறிகிறது. ஷாஃப்டின் உள்முனையைப் பிடித்திருப்பது சி வடிவச் சிறு வளையம் மட்டுமே என்பதால், முறிந்த துண்டோடு சக்கரமும் வெளியே நழுவக்கூடும். அந்தச் சக்கரத்தின் பிரேக்கும் போய்விடும்.

ஷாஃப்டை மட்டும் தடிமனானதாக மாற்றலாம். ஆனால் அதைச் சுற்றியுள்ள ஆக்சில் உறை பழையதே என்பதால், அந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழு ஆக்சிலையும் மாற்றுவதானால், 1995 முதல் 2001 வரையிலான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்சிலில் 31 பல் ஷாஃப்டும் டிஸ்க் பிரேக்கும் உண்டு. சக்கர போல்ட் அமைப்பும் ஜீப்புக்கு ஒத்துப்போகும். சி வளையம் அதிலும் இருக்கிறது என்பது ஒரு குறைதான். ஜீப்பில் பொருத்துவதற்கான சஸ்பென்ஷன் தாங்கிகளை அதில் தேர்ந்த வெல்டரிடம் கொடுத்துப் பற்றவைக்க வேண்டும். வாங்கும் முன் அதன் கியர் விகிதத்தை (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஆக்சிலுக்கு விசை கொண்டுவரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை) சரிபாருங்கள். முன் ஆக்சிலின் விகிதத்தோடு அது பொருந்தாவிட்டால், நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டவுடன் முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிப் பழுதாகும்.