ஒரே மாவு, மூணு கலர்: இலையுதிர்கால குக்கீ கிஃப்ட் பாக்ஸ் (முதல் தடவை பேக் பண்றவங்களுக்கு)

இலையுதிர்கால குக்கீன்னு தேடினா வர்ற படத்தையெல்லாம் பாத்தா யாருக்கும் பயம்தான் வரும். ஒவ்வொரு இலையிலயும் நாலு கலர் ஐசிங் (மேல போடற சர்க்கரைப் பூச்சு), முடி மாதிரி மெல்லிசா நரம்புக் கோடு, பூசணிக்காய் மேல சுருண்டு போற குட்டிக் கொடி. அத பாத்துட்டு இது நம்ம கைக்கு வராதுப்பான்னு மூடி வெச்சிடுவோம், நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் மூடி வெச்சேன். அப்புறம் ஒரு நாள் தான் மண்டையில உறைச்சுது, இந்த சீசனோட கலரே மஞ்சள், பழுப்பு, செம்பழுப்புதானே, ஓவன்ல வெச்ச மாவு தானாவே அந்த கலருக்குத்தான வருது, இதுக்கு எதுக்கு அஞ்சாறு கலர் பாட்டில் வாங்கி கைய கறையாக்கிக்கணும்?

அதனால இந்த பதிவுல ஐசிங் கடைசியில ஒரு ஓரமாத்தான் வரும். ஒரே மாவு பிசைஞ்சு மூணா பிரிச்சு மூணு கலர்ல இலை வெட்டப் போறோம், கூடவே கட்டரே (வடிவம் வெட்டற அச்சு) தேவைப்படாத ஒரு ஓட்ஸ் குக்கீ. மொத்தம் சுமார் 50 குக்கீ கிடைக்கும், பாக்ஸுக்கு எட்டுன்னு வெச்சா ஆறு பேருக்கு குடுக்கலாம். ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிக்கணும்னு உக்காராதீங்க. முதல் நாள் சாயங்காலம் மாவு, மறுநாள் பேக்கிங், அதுக்கு மறுநாள் பேக்கிங் இல்ல, பாக்கிங் (இந்த ரெண்டு வார்த்தையும் என்னை எப்பவும் குழப்பும்).

எடுத்து வெச்சுக்க வேண்டியது

இலை குக்கீக்கு: உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், பொடிச்ச சர்க்கரை 150 கிராம், முட்டை 1, மைதா 360 கிராம், உப்பு அரை டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன். பேக்கிங் பவுடர் வேண்டாம், மறந்துட்டேன்னு நினைச்சு நீங்களா சேத்துடாதீங்க, அது போட்டா மாவு உப்பி இலையோட முனையெல்லாம் மழுங்கிடும்.

கலர் பண்ண: பட்டைத் தூள் 1 டீஸ்பூன், சுக்குத் தூள் அரை டீஸ்பூன், ஜாதிக்காய்த் தூள் கால் டீஸ்பூன், கிராம்புத் தூள் ஒரு சிட்டிகை, இது ஒரு பங்குக்கு. இன்னொரு பங்குக்கு கோகோ பவுடர் ஒன்றரை டேபிள்ஸ்பூன், பால் 1 டீஸ்பூன்.

ஓட்ஸ் குக்கீக்கு: வெண்ணெய் 115 கிராம், ப்ரவுன் சுகர் 110 கிராம், முட்டை 1, மைதா 95 கிராம், ரோல்டு ஓட்ஸ் (தட்டையா அழுத்தின ஓட்ஸ்) 150 கிராம், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், பட்டைத் தூள் 1 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், உலர்ந்த க்ரான்பெர்ரி 60 கிராம், வால்நட் 50 கிராம்.

கப் கணக்கு ஏன் குடுக்கலன்னா, மைதாவ கப்ல அழுத்தி அள்ளினா ஒரு எடை, தூவி அள்ளினா ஒரு எடை, குக்கீல அந்த வித்தியாசம் அப்படியே தெரியும். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தா பாதி பிரச்சனை முடிஞ்சுது.

ஸ்டெப் 1: மாவு

வெண்ணெய் விரல் வெச்சா பள்ளம் விழணும், ஆனா பளபளன்னு எண்ணெய் விடக் கூடாது, 18ல இருந்து 20 டிகிரி இருந்தா சரியா இருக்கும். அவசரப்பட்டு மைக்ரோவேவ்ல வெச்சு உருக்கிடாதீங்க. வெண்ணெயும் சர்க்கரையும் சேத்து ரெண்டு நிமிஷம் அடிங்க, கேக்குக்கு அடிக்கற மாதிரி வெளுத்து நுரைக்கற வரைக்கும் வேண்டாம், காத்து நிறைய போனாலும் குக்கீ உப்பிக்கும். முட்டை, வெனிலா, உப்பு போட்டு கலந்துட்டு மைதாவ சலிச்சு ரெண்டு தடவையா சேருங்க. வெள்ளை மாவு கண்ணுக்கு தெரியாம போனதும் நிறுத்திடணும். அதுக்கு மேல பிசைஞ்சா மைதால இருக்கற க்ளூட்டன்கற புரதம் இழுத்துக்கும், குக்கீ நறுக்குன்னு உடையாம ரப்பர் மாதிரி ஆயிடும்.

இப்ப மாவ தராசுல வெச்சு மூணா பிரிங்க, ஒரு பங்கு சுமார் 260 கிராம் வரும். ஒண்ண அப்படியே விட்டுடுங்க. ரெண்டாவதுல மசாலாத் தூள் எல்லாம் போட்டு கையால மடிச்சு மடிச்சு கலங்க. மூணாவதுல கோகோவும் பாலும். கோகோ ஈரத்த இழுத்துக்கும், பால் போடலன்னா உருட்டும்போது ஓரமெல்லாம் வெடிக்கும். மூணையும் உருண்டையா வைக்காம தட்டையா அழுத்தி, பேக்கிங் பேப்பர் ரெண்டுக்கு நடுவுல வெச்சு அரை செ.மீ.க்கு கொஞ்சம் கூட, அதாவது 6 மி.மீ. கனத்துக்கு பூரிக்கட்டையால இப்பவே உருட்டிடுங்க. எல்லாரும் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்து அப்புறம் உருட்டச் சொல்வாங்க, கல்லு மாதிரி இருக்கற மாவ உருட்டறதுக்குள்ள தோள்பட்டை போயிடும். மெத்துன்னு இருக்கும்போதே உருட்டி, பேப்பரோட ட்ரேல அடுக்கி குறைஞ்சது ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல. ராத்திரி முழுக்க இருந்தாலும் நல்லதுதான்.

மாவ வாயில போட்டுப் பாக்கற பழக்கம் இருந்தா இங்க வேண்டாம். முட்டை மட்டும் இல்ல, வேகாத மைதாலயும் கிருமி இருக்கலாம்.

ஸ்டெப் 2: வெட்டறது

கட்டர் வாங்கறதா இருந்தா காம்பு ரொம்ப மெல்லிசா இருக்கற இலைய எடுக்காதீங்க, காம்புதான் முதல்ல கருகும், கருகாம தப்பிச்சாலும் பாக்ஸுக்குள்ள போகும்போது உடையும். கட்டரே இல்லன்னாலும் ஒண்ணும் இல்ல, கெட்டி அட்டைல இலை வரைஞ்சு வெட்டி, மாவு மேல வெச்சு சின்ன கத்தியால சுத்தி அறுத்துடலாம். நாலஞ்சு இலை வெட்டினதும் கை பழகிடும்.

வெட்டினதும் கத்தியோட முதுகால நடுவுல ஒரு கோடு, ரெண்டு பக்கமும் சாய்வா மூணு மூணு கோடு அழுத்துங்க. வெந்து வந்ததும் நரம்பு மாதிரியே நிக்கும், இதுக்குத்தான் ஐசிங் தேவையில்லன்னு சொன்னேன்.

அப்புறம் எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. வெட்டின பிறகு மூணு கலர்லயும் துண்டு துணுக்கு மிஞ்சும் இல்லையா, அத கலர் கலரா பிரிச்சு வெச்சு மறுபடி உருட்டாதீங்க. மூணையும் கிள்ளிக் கிள்ளி பக்கத்து பக்கத்துல போட்டு, ஒரே ஒரு தடவை சேத்து அழுத்தி உருட்டுங்க. மஞ்சள்ல பழுப்பு ஓடி, பழுப்புல கருஞ்சாக்லேட் கலர் தீத்திட்டு, பாதி காய்ஞ்ச இலை மாதிரியே வரும், ரெண்டு இலை ஒரே மாதிரி வராது. ரெண்டு தடவைக்கு மேல பிசைஞ்சா எல்லாம் கலந்து சேறு மாதிரி கலர் ஆயிடும், அங்க மட்டும் கை அடக்கம் வேணும். நான் குடுக்கற பாக்ஸ்ல எல்லாரும் முதல்ல எடுக்கறது இந்த துணுக்கு இலையதான், பாத்து பாத்து வெட்டினத யாரும் கண்டுக்கறதில்ல.

(ஒரு சின்ன விஷயம், சமையலுக்கு சம்பந்தம் இல்ல, ஆனா தெரிஞ்சப்ப சந்தோஷமா இருந்துச்சு. இலை மஞ்சளாகறது புதுசா கலர் ஏறி இல்லையாம், பச்சையம் சிதைஞ்சு போனதும் ஏற்கனவே உள்ள இருந்த கரோட்டினாய்டு நிறமி வெளிய தெரியுது. முட்டை மஞ்சக்கருவோட மஞ்சளும் அதே கரோட்டினாய்டு குடும்பம். சிவப்பு இலைல இருக்கறது ஆந்தோசயனின்கற நிறமி, க்ரான்பெர்ரிக்கு சிவப்பு குடுக்கறதும் அதேதான். ஆக, பாதி இலையுதிர்காலம் ஏற்கனவே நம்ம கிச்சன்லதான் இருக்கு.)

ஸ்டெப் 3: ஓவன்

175 டிகிரி செல்சியஸ், ஃபேன் ஓடற ஓவன்னா 160. வெட்டின இலைகள ட்ரேயோட பத்து நிமிஷம் ஃப்ரீசர்ல வெச்சிட்டு நேரா ஓவனுக்கு. வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளயே உருகிடும், மாவு கெட்டியாகறதுக்கு அத விட ரொம்ப அதிக சூடு வேணும், அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற நேரத்துலதான் குக்கீ பரவி ஷேப் போறது. ஜில்லுன்னு உள்ள போனா ஓரம் பிடிச்சுக்கும், உருகறதுக்கு முன்னாடி.

நடு ரேக், ஒரு நேரத்துல ஒரு ட்ரே, 10ல இருந்து 12 நிமிஷம். ஒரு ட்ரேல ஒரே சைஸ் இலைகள மட்டும் வைங்க, பெருசும் சின்னதும் சேத்து வெச்சா ஒண்ணு வேகறதுக்குள்ள இன்னொண்ணு கரியாயிடும். வெள்ளை மாவு இலைக்கு ஓரம் லேசா பொன்னிறம் ஆனதும் எடுத்துடலாம். கோகோ இலைக்கு கலர பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, அதனால முதல்ல வெள்ளை ட்ரேய போட்டு எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு எழுதி வெச்சுக்கோங்க, கோகோவுக்கும் அதே நிமிஷம். எடுக்கும்போது நடுவுல மெத்துன்னு இருந்தா வேகலன்னு திரும்ப உள்ள தள்ளாதீங்க, சூட்டுல அப்படித்தான் இருக்கும், ஆறினா மொறுமொறுப்பாகும். அஞ்சு நிமிஷம் ட்ரேலயே விட்டுட்டு அப்புறம் கம்பி ஸ்டாண்டுக்கு மாத்துங்க.

வீட்டு ஓவன் எல்லாம் டயல்ல காட்டற சூட்டுலயே இருக்கும்னு நம்ப முடியாது. உள்ள வெக்கற சின்ன தெர்மாமீட்டர் ஒண்ணு இருந்தா நல்லது, இல்லன்னா முதல்ல ரெண்டே ரெண்டு குக்கீய போட்டு பாருங்க. ரெண்டு போனாலும் போகட்டும், முப்பதும் போகாது.

ஸ்டெப் 4: ஓட்ஸ் குக்கீ

இது சுலபம், சீக்கிரம் சொல்லிடறேன். வெண்ணெயையும் ப்ரவுன் சுகரையும் அடிங்க, முட்டை சேருங்க, மைதா, சோடா, பட்டை, உப்பு கலந்து போடுங்க, கடைசியா ஓட்ஸ், க்ரான்பெர்ரி, நறுக்கின வால்நட். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். ஓட்ஸ் ஈரத்த உறிஞ்சிக்க அந்த நேரம் வேணும். 30 கிராம் உருண்டையா எடுத்து 5 செ.மீ. இடைவெளி விட்டு வெச்சு லேசா அழுத்தி, அதே 175 டிகிரில 11ல இருந்து 12 நிமிஷம். நாலஞ்சு க்ரான்பெர்ரிய தனியா எடுத்து வெச்சிருந்து உருண்டை மேல பதிச்சா சிவப்பு பளிச்சுன்னு தெரியும்.

ஸ்டெப் 5: அலங்காரம், மனசு இருந்தா

ஆரம்பத்துக்கு நான் சொல்றது சாக்லேட் மட்டும். முட்டை வடிவத்துல சின்னதா நாலஞ்சு குக்கீ வெட்டி வெச்சிருந்தீங்கன்னா அதோட தலைப்பக்கம் மூணுல ஒரு பங்க சாக்லேட்ல முக்கி எடுங்க, தொப்பி போட்ட ஓக் மரத்துக் கொட்டை மாதிரியே இருக்கும். 100 கிராம் டார்க் சாக்லேட்ல 70 கிராம மட்டும் கொதிக்காத வெந்நீர் மேல வெச்சு உருக்கி, இறக்கிட்டு மீதி 30 கிராம பொடியா நறுக்கி போட்டு கரையற வரைக்கும் கிளறுங்க. அப்படி பண்ணினா காய்ஞ்ச பிறகு வெள்ளை வெள்ளையா பூக்கறது குறையும், கைலயும் ஒட்டாது.

ஐசிங் வேணும்னே ஆசைப்பட்டா: ஐசிங் சுகர் 225 கிராம், மெரிங் பவுடர் (முட்டை வெள்ளைக்கருவ காய வெச்சு பண்ற பொடி) ஒன்றரை டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணி 3 டேபிள்ஸ்பூன், கெட்டியா வர்ற வரைக்கும் அடிங்க. ஜெல் கலர்தான் போடணும், தண்ணியா இருக்கற கலர் ஐசிங்க இளக்கிடும். ஆரஞ்சு கலர் பொம்மை மாதிரி பளீர்னு இருந்தா ஊசி முனை அளவு ப்ரவுன் சேருங்க, அப்பதான் இலை மாதிரி இருக்கும். போட்டுட்டு ராத்திரி முழுக்க மூடாம காய விடணும், அதுக்கு முன்னாடியே தொட்டா காய்ஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா அடுக்கினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

ஸ்டெப் 6: பாக்ஸ்

இங்கதான் நான் முதல் வருஷம் மொத்தமா சொதப்பினேன். மொறுமொறு இலையும், பூசணி விழுது போட்ட மெத்து குக்கீயும் சேத்து ஒரே டப்பால அடுக்கி ரிப்பன் எல்லாம் கட்டி பெருமையா குடுத்தேன். மறுநாள் எனக்குன்னு வெச்சிருந்த டப்பாவ திறந்தா ஒரு குக்கீ கூட நறுக்குன்னு இல்ல, எல்லாமே பழைய பன் மாதிரி, அதுவும் எல்லாத்துலயும் ஒரே கிராம்பு வாசனை. மெத்துன்னு இருக்கற குக்கீல ஈரம் ஜாஸ்தி, மூடின டப்பால அது காய்ஞ்சத தேடி போயிடும். வாசனையும் அப்படித்தான். ஆறு பேருக்கு குடுத்திருந்தேன், அஞ்சு பேர் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க, ஆறாவது ஆள் என் அக்கா, அவ மட்டும்தான் உண்மைய சொன்னா.

அதனால ஓட்ஸ் குக்கீ மூணையும் தனியா ஒரு கவர்ல, மசாலா இலை தனி கவர்ல, வெள்ளையும் கோகோவும் ஒண்ணா இருக்கலாம். எல்லாத்தையும் ஒரே பாக்ஸ்ல வைங்க, ஆனா கவருக்குள்ள. கனமான ஓட்ஸ் அடியில, இலை மேல, அடுக்குக்கு நடுவுல பேக்கிங் பேப்பர். குக்கீ முழுசா ஆறி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கணும், கொஞ்சம் சூடு இருந்தா கூட உள்ள வேர்த்துடும். தூரமா அனுப்பறதா இருந்தா இலைகள ரெண்டு ரெண்டா முதுகோட முதுகு சேத்து சுத்துங்க, பாக்ஸ ஆட்டிப் பாத்தா சத்தம் வரக் கூடாது, வந்தா இன்னும் கொஞ்சம் பேப்பர் திணிங்க.

மேல ஒரு சீட்டு ஒட்ட மறக்காதீங்க: கோதுமை, பால், முட்டை, வால்நட் இருக்குன்னு, கூடவே ஓவன்ல வெச்சு எடுத்த தேதி. காத்து போகாத டப்பால இலை ஒரு வாரம் பத்து நாள் நல்லா இருக்கும், ஓட்ஸ் அஞ்சாறு நாளுக்குள்ள முடிச்சிடச் சொல்லுங்க. மாவு மிஞ்சினா உருட்டின தகடாவே நல்லா சுத்தி ஃப்ரீசர்ல போட்டுடுங்க, ரெண்டு மாசம் வரைக்கும் இருக்கும், திடீர்னு யாராவது வந்தா வெட்டி ஓவன்ல தள்ள வேண்டியதுதான்.