பயிற்சியை மாற்றும் முன் ஆய்வுக் கட்டுரையைப் படிப்பது எப்படி?

என்னிடம் வரும் ஓட்டக்காரர்கள் அடிக்கடி போனை நீட்டுவார்கள். "கோச், இதைப் பாருங்க, 16 சதவீதம் முன்னேற்றமாம். நாமும் செய்வோமா?" உடனே பதில் சொல்லமாட்டேன். பயிற்சியாளராவதற்கு முன் உடற்பயிற்சி உடலியங்கியல் ஆய்வகம் ஒன்றில் உதவியாளராக இருந்தவன் நான். ஓடுகிறவருக்கு முகமூடி மாட்டுவது, விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுப்பது, "இன்னும் ஒரு நிமிஷம், விடாதீங்க" என்று பக்கத்தில் நின்று கத்துவது, எல்லாம் செய்திருக்கிறேன். ஒரு சதவீதம் யாருடைய கால்களிலிருந்து, எந்த மாதிரிச் சோதனையில் வந்தது என்று தெரியாமல் இன்னொருவருடைய பயிற்சி அட்டவணையில் கைவைக்க எனக்கு மனம் வராது.

இதற்கு அறிவியல் பட்டம் தேவையில்லை. எந்த வரிசையில் படிக்கிறோம் என்பதுதான் முக்கியம். சுருக்கத்தையும் முடிவுரையையும் தள்ளிவைத்துவிட்டு நேராக 'முறைகள்' பகுதிக்குப் போங்கள். அலுப்பூட்டும் பகுதிதான். ஆனால் ஆய்வாளர்கள் தங்கள் கருத்தை ஒதுக்கிவைத்து, செய்ததைச் செய்தபடி எழுதுவது அங்கேதான்.

யார் ஓடினார்கள்?

முதலில் கலந்துகொண்டவர்களைப் பாருங்கள். எத்தனை பேர், என்ன வயது, ஏற்கெனவே எவ்வளவு பயிற்சி உள்ளவர்கள்? பயிற்சியே இல்லாதவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் முன்னேற்றம் தெரியும். பல வருடங்களாக ஓடுகிறவருக்கு அதே மருந்து அதே அளவு வேலை செய்யாது.

டபாட்டா பயிற்சியை எடுத்துக்கொள்வோம். '4 நிமிடம் போதும்' என்று ஊரெல்லாம் பரவிய அந்த முறை, ஜப்பானில் இசுமி டபாட்டாவும் சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. மூலக் கட்டுரையைப் படித்தால் படம் மாறிவிடும். பங்கேற்றவர்கள் இளம் உடற்கல்வி மாணவர்கள். 20 வினாடி மிதித்து 10 வினாடி ஓய்வெடுக்கும் அந்தச் சுற்றுகளை வீட்டுத் தரையில் குதித்துக்குதித்துச் செய்யவில்லை. எடை கூட்டிய சைக்கிள் எர்கோமீட்டரில், அதாவது உழைப்பை அளக்கும் நிலையான சைக்கிளில், செய்தார்கள். தீவிரம், அவர்களுடைய அதிகபட்ச ஆக்ஸிஜன் பயன்பாட்டுக்கு, அதாவது விஓ2 மேக்ஸுக்கு, தேவைப்படும் பளுவைப் போல 170 சதவீதம். ஏழெட்டுச் சுற்றில் கால் அசையாத நிலைக்கு வந்துவிடுவார்கள். 6 வாரத்தில் விஓ2 மேக்ஸ் கிலோவுக்கு நிமிடத்துக்கு 7 மி.லி. கூடியது, ஆக்ஸிஜன் இல்லாமல் இயங்கும் திறன் 28 சதவீதம் கூடியது. இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வில் ஒரு மணி நேரம் மிதமான வேகத்தில் மிதித்த இன்னொரு குழுவுக்கும் 5 மி.லி. கூடியது என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்த ஆய்வின் மீது மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அதைக் காட்டி ஒரு மாரத்தான்காரரின் நீண்ட ஓட்டங்களை வெட்டுவது, அந்த ஆய்வு கேட்காத கேள்விக்குப் பதில் எடுத்துக்கொள்வது.

பெண்கள் இருந்தார்களா என்றும் பாருங்கள். 2011 முதல் 2013 வரை முக்கிய விளையாட்டு அறிவியல் இதழ்களில் வந்த கட்டுரைகளைக் கணக்கெடுத்தபோது, பங்கேற்றவர்களில் பெண்கள் 39 சதவீதம்தான் என்று தெரிந்தது. நீங்கள் பெண் என்றாலோ, பெண்களுக்குப் பயிற்சி தருகிறவர் என்றாலோ, இந்த ஒரு வரியைத் தேடாமல் கட்டுரையை மூடாதீர்கள்.

எதை அளந்தார்கள்?

என் ஓட்டக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 16 சதவீதம் என்று காட்டினார்களே, அது பீட்ரூட் சாறு பற்றிய 2009ஆம் ஆண்டு ஆய்வு. 8 ஆண்கள், கடினமான ஒரே பளுவில், முடியாமல் நிற்கும் வரை சைக்கிள் மிதித்தார்கள். சாதாரண பானம் குடித்தபோது சராசரியாக 583 வினாடி தாக்குப்பிடித்தார்கள். பீட்ரூட் சாறு குடித்தபோது 675 வினாடி. கணக்குச் சரிதான், ஏறக்குறைய 16 சதவீதம்.

ஆனால் எந்தப் பந்தயத்திலும் 'முடியாமல் நிற்கும் வரை' ஓடச் சொல்வதில்லை. குறிப்பிட்ட தூரத்தை யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்பதே கேள்வி. எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பளுவில் உடலின் திறன் துளி கூடினாலும், தாக்குப்பிடிக்கும் நேரம் அதைவிடப் பெரிய விகிதத்தில் நீளும். 2011இல் அதே சாற்றை வைத்து கிளப் அளவிலான சைக்கிள் வீரர்களைக் குறிப்பிட்ட தூரம் ஓட்டவைத்தார்கள். 4 கிலோமீட்டரில் 2.8 சதவீதமும் 16.1 கிலோமீட்டரில் 2.7 சதவீதமும்தான் நேரம் குறைந்தது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளில், உயர்மட்ட வீரர்களிடம் பலன் இன்னும் சுருங்கியது. பலவற்றில் காணவே இல்லை.

இதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு 16 சதவீதம் என்றால் 6 நிமிடம் 24 வினாடி. 2 சதவீதம் என்றால் 48 வினாடி. முதலாவது நடக்காத காரியம், இரண்டாவது நடக்கக்கூடியது. கட்டுரையில் எந்தச் சதவீதத்தைக் கண்டாலும் உங்கள் பந்தய நேரத்தில் அது எத்தனை வினாடி என்று மாற்றி எழுதிப்பார்ப்பது நல்ல பழக்கம்.

அளவீட்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். லாக்டேட் என்பது கடினமாக உழைக்கும்போது தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் பொருள். அதன் பரிசோதனையில் ஓட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தி, விரலைத் துடைத்து, ஊசியால் குத்துவோம். வரும் முதல் துளியை எடுக்கமாட்டோம், பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைத்தான் பட்டையில் தொடவைப்போம். வியர்வையிலும் லாக்டேட் இருக்கிறது. தோலில் காயாமல் நிற்கும் வியர்வை கொஞ்சம் கலந்தாலே அளவு ஏறிவிடும். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு கெடும். பக்கத்தில் ட்ரெட்மில் ஓடிக்கொண்டிருக்கும். அவர் மூச்சுவாங்கிக்கொண்டு நிற்பார். நமக்கு இருப்பது சில வினாடிகள். கட்டுரையில் '4.0' என்று அழகாக அச்சாகியிருக்கும் எண் இப்படிப்பட்ட கைகளிலிருந்துதான் வருகிறது. அளவீட்டின் துல்லியத்தைப் பற்றி, அதாவது அதே நபரை மறுநாள் சோதித்தால் எவ்வளவு மாறும் என்பதைப் பற்றி, ஒரு வரியாவது எழுதியிருக்கும் கட்டுரைக்கு நான் கூடுதல் மதிப்பு கொடுப்பேன்.

எதனோடு ஒப்பிட்டார்கள்?

புதிய பயிற்சி செய்த குழு முன்னேறியது என்றால், மற்றக் குழு என்ன செய்தது? சும்மா இருந்ததா, அதே அளவு உழைப்பை வேறு விதமாகச் செய்ததா? வாரத்துக்கு இரண்டு கடின ஓட்டங்களைக் கூடுதலாகச் சேர்த்த குழு, எதையும் சேர்க்காத குழுவை வென்றால், ஜெயித்தது முறையா வெறும் கூடுதல் உழைப்பா என்று சொல்ல முடியாது.

பானம், மாத்திரை, புதுக் காலணி போன்றவற்றில் நம்பிக்கையும் சேர்ந்து ஓடும். 2006இல் வந்த ஒரு சிறிய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நன்கு பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களிடம் கஃபீன் சோதனை என்று சொல்லி 10 கிலோமீட்டர் ஓட்டச் சொன்னார்கள். உண்மையில் எல்லோருக்கும் எல்லா முறையும் வெற்று மாத்திரைதான். கிலோவுக்கு 4.5 மி.கி. கஃபீன் உள்ளே போயிருக்கிறது என்று நம்பியபோது ஆற்றல் 1.3 சதவீதம் கூடியது, 9 மி.கி. என்று நம்பியபோது 3.1 சதவீதம் கூடியது. வெற்று மாத்திரை என்று நினைத்தபோது 1.4 சதவீதம் குறைந்தது. பிளாசிபோ, அதாவது ஒப்பிட இப்படியொரு வெற்று மாத்திரை, இல்லாத ஆய்வில் 2 சதவீதம் முன்னேற்றம் என்று வந்தால், இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பயிற்சியின் அளவும் ஒப்பீட்டின் பகுதிதான். 'ஓட்டமும் எடைப் பயிற்சியும் சேர்ந்தால் வலு குறையும்' என்ற பேச்சுக்கு மூலம் ராபர்ட் ஹிக்சனின் 1980ஆம் ஆண்டு ஆய்வு. 10 வாரம், வாரத்துக்கு 5 நாள் எடை, 6 நாள் கடினமான தாங்குதிறன் பயிற்சி. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் வலு கடைசி வாரங்களில் இறங்கியது. வாரத்துக்கு இரண்டு முறை ஸ்குவாட் செய்யும் ஓட்டக்காரர் அதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை.

சராசரிக்குப் பின்னால்

முடிவுகள் பகுதியில் ஒவ்வொருவருக்கும் தனிப்புள்ளி வைத்த படம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஹெரிடேஜ் குடும்ப ஆய்வில் நூற்றுக்கணக்கானோர், பயிற்சியே இல்லாதவர்கள், ஒரே திட்டத்தை 20 வாரம் செய்தார்கள். விஓ2 மேக்ஸ் சராசரியாக நிமிடத்துக்கு 400 மி.லி. அளவுக்குக் கூடியது. ஆனால் சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை, சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடியது. அந்த வித்தியாசம் முழுவதும் உடல்வாகு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது; அளவீட்டில் நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கமும் அதில் கலந்திருக்கும்.

'220லிருந்து வயதைக் கழி' என்ற அதிகபட்ச இதயத் துடிப்புக் கணக்கும் இப்படித்தான். அதற்கென்று முறையாக நடத்திய ஆய்விலிருந்து பிறந்த சமன்பாடு அல்ல அது. 2001இல் டனாகாவும் சகாக்களும் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து, 208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். 40 வயதில் இரண்டும் 180 என்றே தரும். 60 வயதில் 160க்கும் 166க்கும் பிரிந்துவிடும். எதைப் பயன்படுத்தினாலும் ஒரே வயதுக்காரர்களுக்குள் 10 துடிப்பு மேலும் கீழும் இருப்பது சகஜம். எனவே துடிப்பை வைத்துப் பிரிக்கும் பயிற்சி மண்டலங்களை வாய்ப்பாட்டில் போட்டு எடுக்காமல், ஓடி அளந்து எடுங்கள்.

உங்கள் மேல் சோதித்துப் பார்ப்பது

இவ்வளவையும் தாண்டி ஒரு யோசனை நிற்கிறதா? சரி, அப்போது முயன்று பார்க்கலாம். தன்னையே சோதிப்பது இந்தத் துறையில் பழைய வழக்கம்தான். 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ஏ.வி. ஹில், விஓ2 மேக்ஸ் என்ற கருத்துக்கு அடித்தளமிட்ட சோதனைகளில் தானே ஓடினார்.

எதையும் மாற்றுவதற்கு முன் உங்கள் சொந்த ஏற்ற இறக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே தடத்தில், ஒரே நேரத்தில், ஒரே காலணியில், முந்தைய நாள் லேசான ஓட்டத்துக்குப் பிறகு, 3 கிலோமீட்டரோ 5 கிலோமீட்டரோ முழு முயற்சியில் ஓடி நேரம் எடுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடியும், இயன்றால் இன்னொரு முறையும். அந்த நேரங்களுக்குள் 15 வினாடி வித்தியாசம் இருந்தால், பின்னால் வரப்போகும் 10 வினாடி முன்னேற்றத்தை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

முழு முயற்சி ஓட்டத்தை அடிக்கடி வைத்தால் பயிற்சியே கெடும். நடுவில் ஒரு லேசான சோதனை போதும். பேசிக்கொண்டே ஓடக்கூடிய ஒரே வேகத்தில் 15 நிமிடம் ஓடி, கடைசி 5 நிமிடத்தின் சராசரித் துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே போர்க் அளவுகோலில் 6 முதல் 20க்குள் எவ்வளவு சிரமமாக இருந்தது என்றும் எழுதுங்கள். வெயில், தூக்கக் குறைவு, நீர் குறைவு எல்லாம் துடிப்பை ஏற்றிவிடும். அதனால் வெப்பநிலையையும் தூங்கிய நேரத்தையும் அதே வரியில் எழுதாமல் விட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

அப்புறம் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். புது இடைவெளிப் பயிற்சியையும் புதுக் காலணியையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது. பயிற்சி முறை என்றால் குறைந்தது 6 வாரம் கொடுங்கள். மொத்தத் தூரத்தைக் கூட்டாதீர்கள். அன்றைக்கே பலன் தெரியும் கஃபீன் போன்றதென்றால், அதோடும் அது இல்லாமலும் மாற்றி மாற்றிச் சில முறை ஓடுங்கள். எந்த நாளில் எது என்பதை நண்பர் ஒருவர் தீர்மானித்து, உங்களிடம் சொல்லாமல் தரமுடிந்தால் மிக நல்லது. ஓடும்போது கடிகாரம் உங்கள் கையில் வேண்டாம்; நேரத்தை அவரே எடுத்து, முடித்த பிறகு சொல்லட்டும்.

காய்ச்சல் நாளில் சோதனை வேண்டாம். நெஞ்சுவலி, மயக்கம், தாறுமாறான துடிப்பு என்று எதுவும் வந்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

6 வாரம் முடிந்ததும் பழைய சோதனையை அப்படியே திரும்ப ஓடுங்கள். முன்னேற்றம் உங்கள் ஏற்ற இறக்கத்தைத் தாண்டியிருந்தால் அந்தப் பயிற்சியை அட்டவணையில் வையுங்கள். தாண்டவில்லை என்றால் பழைய திட்டத்துக்குத் திரும்பி மூன்று நான்கு வாரம் ஓடி, இன்னொரு முறை நேரம் எடுங்கள். திரும்பியதும் நேரம் மோசமானால் புதிய பயிற்சி ஏதோ செய்துகொண்டிருந்தது என்று பொருள். அதை இன்னொரு 6 வாரம் நீட்டிப் பார்க்கலாம்.