எண்ணைக் குறைக்கணும், எழுத்தைக் கூட்டணும்: ஒடுங்கின உடம்பும் நிறைந்த மார்பும் உள்ளவர்கள் பிரா எடுப்பது எப்படி

திருநெல்வேலி டவுன் ரத வீதிக் கடையிலோ பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கமோ போய் "34 பத்தலை" என்று சொன்னால் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "அப்ப 36 எடுத்துக்கிடுங்கக்கா." அதுவும் பிதுங்கினால் 38. உடம்பு ஒல்லி, மார்பு மட்டும் நிறைவு என்று இருப்பவர்களை இந்தப் பதில்தான் கெடுக்கிறது. 38-இல் கப் ஒருவழியாகச் சேரும். ஆனால் அடிப்பட்டி தொளதொளவென்று முதுகில் ஏறி நிற்கும், மொத்த எடையும் ஸ்ட்ராப்பில் தொங்கும். தோளில் விழுகிற குழியும் சாயங்காலக் கழுத்து வலியும் அதிலிருந்து வருபவை.

எண் என்பது விலாச் சுற்று. எழுத்து என்பது மார்பு அந்த விலாவை விட எவ்வளவு முன்னே நிற்கிறது என்பது. எழுத்துக்குத் தனியாக அளவு கிடையாது. 30 டி-யின் கப்பும் 36 டி-யின் கப்பும் ஒன்றல்ல, 36-இல் உள்ளது மூன்று படி பெரியது. எண்ணில் ஒரு படி ஏறினால், அதே எழுத்திலும் கப் ஒரு படி பெரிதாகும். ஆகவே 30 ஈ, 32 டபுள் டி, 34 டி, 36 சி, 38 பி ஐந்துக்கும் கப்பின் கொள்ளளவு ஒன்றே, பட்டிதான் வேறு. 30 ஈ வேண்டியவர் 38 பி-யில் போய் முடிவது இந்த வழியாகத்தான். டி என்றாலே ரொம்பப் பெரிசு என்று கூச்சப்படுகிறவர்கள் இதை ஒருமுறை எழுதிப் பார்க்கலாம்.

அளவு எடுப்பது

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும். பழைய டேப் என்றால் முதலில் ஒரு ஸ்கேலின் மேல் வைத்துச் சரிபாருங்கள், நாள்பட்ட டேப் இழுபட்டு நீண்டிருக்கும். பிரா இல்லாமலோ, ஸ்பாஞ்சு இல்லாத மெல்லிய பிராவிலோ அளக்கலாம். மாதவிடாய்க்கு முந்தைய சில நாள் மார்பு கனத்திருக்கும். அது முடிந்த வாரத்தில் அளப்பது நல்லது.

முதலில் விலா. மார்புக்கு நேர் கீழே டேப்பைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டு, சுருங்கப் பிடித்துப் படியுங்கள். தனியாக அளந்தால் டேப் முதுகில் ஏறிவிடும், அளவு தப்பும். அக்காவோ தங்கச்சியோ பின்னால் நின்று தரைக்கு இணையாகப் பிடித்தால் அரை இஞ்ச் வித்தியாசம்கூட வராது.

அடுத்து மார்பு, இதை மூன்று நிலையில் எடுக்க வேண்டும். நேராக நின்று ஒன்று, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து முதுகு தரைக்கு இணையாக இருக்கும்போது ஒன்று, மல்லாந்து படுத்து ஒன்று. டேப் அழுத்தக் கூடாது, தொட்டால் போதும். மூன்றின் சராசரிதான் உங்கள் மார்பளவு. நின்று மட்டும் அளந்தால், தளர்ந்த மார்பு உள்ளவர்களுக்குக் குறைவாகவே வரும்.

விலா 30 இஞ்ச். நின்றபோது 36, குனிந்தபோது 38, படுத்தபோது 35 என்று வைப்போம். சராசரி கிட்டத்தட்ட 36. வித்தியாசம் 6. ஒரு இஞ்சுக்கு ஒரு எழுத்து: 1 ஏ, 2 பி, 3 சி, 4 டி, 5 டபுள் டி, 6 ஈ, 7 எஃப். ஆக 30 ஈ.

பல டப்பாவின் முதுகில் அச்சடித்திருக்கும் பட்டியல் இப்படிச் சொல்லாது. விலாவோடு 4 இஞ்ச் கூட்டச் சொல்லும். 30-ஐ 34 ஆக்கி, 36-இல் 34 போக 2, ஆகவே 34 பி என்று முடிக்கும். இவருக்கு 34-இல் கூட டி வேண்டும், பி என்பது இரண்டு கப் குறைவு. ஆறேழு இஞ்ச் வித்தியாசம் உள்ளவர்களை இந்தக் கூட்டல் தவறாமல் ஏமாற்றும்.

கடையில் டேப்பை எடுங்கள்

அதற்காக 30 ஈ என்று மட்டும் பிடிவாதமாக நிற்கவும் முடியாது. லேபிள் எண்ணுக்கும் நிஜ நீளத்துக்கும் கம்பெனிக்குக் கம்பெனி உறவு மாறும். சென்டிமீட்டரில் 65, 70, 75 என்று போட்டிருப்பவை முறையே 30, 32, 34. எழுத்திலும் குழப்பம் உண்டு. பிரிட்டிஷ் வரிசையில் டி-க்குப் பிறகு டபுள் டி, அப்புறம் ஈ. ஐரோப்பிய வரிசையில் டி-க்குப் பிறகு நேரே ஈ. அமெரிக்க வரிசையில் டபுள் டி-க்குப் பிறகு ட்ரிபிள் டி. ஆன்லைனில் வாங்கும்போது ஈ என்று பார்த்ததும் அமுக்கிவிடாமல், அந்தக் கம்பெனியின் வரிசையில் டபுள் டி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளாடையைத் திருப்பி எடுப்பார்களா என்பதையும் பணம் கட்டும் முன் வாசித்துவிடுங்கள்.

கையில் வைத்துப் பார்க்க முடிந்தால் லேபிளே தேவையில்லை. கடைசி வரிசைக் கண்ணியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில், கொக்கியை மாட்டி, பட்டியின் கீழ் ஓரத்தை முடிந்த மட்டும் இழுத்து அளந்து பாருங்கள். விலா 30 என்றால் முழுதாக இழுத்தும் 30, 31-இல் நிற்க வேண்டும். 34 வரை ஓடினால் அது உங்களைத் தாங்காது, லேபிளில் 30 என்று இருந்தாலும் சரி. "டேப் வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்று சொன்னால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. கவுண்டரில் ஆள் ஆணாக இருந்து, அளவைச் சத்தமாகச் சொல்லவே வாய் வராத கடைகளும் உண்டு. அங்கே அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், அல்லது பெண் பணியாளர் இருக்கிற கடைக்குப் போங்கள்.

28, 30 பட்டியில் பெரிய கப் நம் ஊர்க் கடைகளில் அபூர்வம். 30 என்று கேட்டால் வயசுப் பிள்ளைகளுக்கான பருத்தி பிராவை எடுத்து வைப்பார்கள். அப்போது 32 டபுள் டி கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் 34 டி எடுத்துப் பட்டியை 2 இஞ்ச் பிடித்து 32 ஆக்கலாம், வழி கீழே இருக்கிறது.

போட்டுப் பார்ப்பது

முதலில் பிராவை முன்பின்னாகத் திருப்பி, கப் முதுகுப் பக்கம் வரும்படி மாட்டுங்கள். பட்டி மட்டும் எப்படி இருக்கிறது என்று இப்போது தெரியும். இப்படி மாட்டினால் வசதியாக இருந்து, நேராகப் போட்டதும் இறுக்குகிறது என்றால், குறை பட்டியில் இல்லை, கப் சிறிது. இதை அறியாமல் பெரிய எண்ணுக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம்.

பிறகு நேராகப் போடுங்கள், கடைசிக் கண்ணியில். புதிதாய் இருக்கும்போதே முதல் கண்ணியில் மாட்ட வேண்டியிருந்தால், எலாஸ்டிக் தளர்ந்த பிறகு இறுக்க இடம் இருக்காது. கொஞ்சம் குனிந்து, ஒரு கையை எதிர்ப்பக்கக் கப்புக்குள் விட்டு, அக்குள் ஓரத்துச் சதையை முன்னும் மேலுமாக அள்ளி உள்ளே வையுங்கள். மறுபக்கமும் அப்படியே. வருடக்கணக்காகச் சின்னக் கப் போட்டவர்களுக்கு அக்குளுக்கு ஒதுங்கிய சதை நிறைய இருக்கும். அள்ளி வைத்ததும் சரியாக இருந்த கப்பே பத்தாமல் போகலாம். அப்படியானால் எழுத்தைக் கூட்டுங்கள்.

இரண்டு கப்புக்கும் நடுவே உள்ள துண்டு நெஞ்செலும்பில் ஒட்டி இருக்க வேண்டும். தூக்கி நின்றால் கப் சிறிது. வயர் மார்பை முழுதாகச் சுற்றி அக்குளுக்குக் கீழே விலாவில் முடிய வேண்டும், சதையின் மேல் ஏறக் கூடாது. பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில், இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில் இருக்கட்டும். ஸ்ட்ராப்பைத் தோளிலிருந்து தள்ளிவிட்டுப் பாருங்கள்: மார்பு கொஞ்சம் இறங்கலாம், பட்டி அசையாமல் நின்றால் அதுதான் உங்கள் பட்டி.

மேல் ஓரம் சதையை வெட்டி மார்பு நாலாகத் தெரிந்தால் கப் சிறிது. கப்பில் சுருக்கம் விழுந்தால் உடனே சின்னது கேட்காதீர்கள். சுருக்கம் அடியில் இருந்து நடுத்துண்டும் தூக்கி நின்றால், மார்பு உள்ளே இறங்க இடமில்லாமல் கப் முன்னே தள்ளப்படுகிறது. பெரிய கப்தான் வேண்டும். சுருக்கம் மேலே மட்டும் என்றால் மார்பு அடியில் நிறைவாகவும் மேலே குறைவாகவும் இருக்கிறது. அதற்கு உயரம் குறைந்த கப் பொருந்தும். ஸ்ட்ராப் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் பட்டி பெரிது, இல்லையேல் தோள் குறுகல். பின்பக்கம் ஸ்ட்ராப்கள் நெருங்கி, யூ வடிவில் பட்டியோடு இணைகிற வகையைத் தேடுங்கள்.

எந்த வகை

நிறைந்த மார்புக்கு தையல் உள்ள கப்தான் தாங்கும். இரண்டு மூன்று துண்டாக வெட்டித் தைத்து, பக்கவாட்டில் தனித் துண்டும் வைத்தது என்றால் மார்பை முன்னே கொண்டுவந்து நிறுத்தும். அச்சில் வார்த்த ஸ்பாஞ்சு கப் தன் வடிவத்துக்கு உங்களை வரச் சொல்லும், வராவிட்டால் மேலே பிதுங்கும். வேர்வையையும் அது விடாது. குற்றாலத்தில் நனைந்தால் ராத்திரி வரை சொட்டும்.

நம் வெயிலுக்கு முழுப் பருத்திதான் நல்லது என்பது பாதிதான் சரி. கப்பின் உள்பக்கம் பருத்தி இருக்கட்டும். பட்டியும் பருத்தியானால், நனைந்து இழுபட்ட துணி திரும்பிச் சுருங்காது, மத்தியானத்துக்குள் தளர்ந்துவிடும். பட்டிக்கு நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்த வலைத்துணி, மூன்று கொக்கி வேண்டும்.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் சுளகை மடியில் வைத்து நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிறவர்களுக்கு வயர் மேல்வயிற்றில் குத்தும். தையல் கப் உள்ள வயர் இல்லாத வகை எடுக்கலாம். கப்புக்குக் கீழே முன்பக்கப் பட்டி ஒரு இஞ்சுக்கு மேல் உயரம் இருந்தால் குனியும்போது சுருண்டுகொள்ளும். வயர் போட்டால் புற்றுநோய் வரும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. 2014-இல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 55 முதல் 74 வயதுப் பெண்களிடம் செய்த ஆய்வு, வயர் உட்பட பிரா அணியும் எந்தப் பழக்கத்துக்கும் மார்பகப் புற்றுக்கும் தொடர்பு காணவில்லை. கட்டியோ காம்பில் மாற்றமோ தெரிந்தால் எந்தப் பிரா போட்டாலும் டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

பட்டியைப் பிடிப்பது

கப் சரி, பட்டி மட்டும் 2 இஞ்ச் பெரிது என்றால் டெய்லரிடம் கொடுக்கலாம். கொக்கித் துண்டையும் கண்ணித் துண்டையும் பிரித்து, இருபக்கமும் ஒரு இஞ்ச் சமமாக வெட்டி, ஜிக்ஜாக் தையலில் திரும்ப வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். நேர்த்தையல் போட்டால் எலாஸ்டிக் இழுபடும்போது நூல் அறுந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் ஸ்ட்ராப் கோணும். மொத்தம் 2 இஞ்சுக்கு மேல் பிடிக்க வேண்டாம். கப் பக்கவாட்டில் இழுபட்டு வயர் விரியும், ஸ்ட்ராப்கள் கழுத்துக்கு ரொம்ப நெருங்கும்.

புதுப் பிரா எடுத்த பிறகுதான் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுங்கள். மார்பு மேலேறி நிற்கும்போது பழைய அளவு ஜாக்கெட்டின் டாட் முனை கீழே விழும், மார்பில் இறுக்கி அடியில் தொளதொளக்கும். குறை தையலில் இருப்பதாக டெய்லரைக் கோபித்துப் பயனில்லை.

துவைப்பதும் காயப்போடுவதும்

குறைந்தது மூன்று வேண்டும். ஒன்றையே அடுத்தடுத்த நாள் போட்டால் எலாஸ்டிக் மீள நேரம் கிடைக்காது. பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்காமல் துண்டில் வைத்து அமுக்கித் தண்ணீரை எடுங்கள். பிளீச்சும் வெந்நீரும் ஸ்பான்டெக்ஸைக் கொல்லும், நம் மொட்டைமாடி வெயிலும் அப்படித்தான். அதற்காக யாரும் பார்க்கக் கூடாதென்று பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டால் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும், மார்படியில் வருகிற படைக்கும் அரிப்புக்கும் அது துணை. காற்றோட்டமான நிழலில், நடுத்துண்டைக் கொடியில் மடித்துத் தொங்கவிடுங்கள். ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் ஈர எடையிலேயே ஸ்ட்ராப் நீளும்.

மார்படியில் சிவந்தால் பவுடர் அப்ப வேண்டாம், வேர்வையில் கட்டியாகி இன்னும் உரசும். துடைத்து உலர்த்துங்கள். வெடித்தோ நாற்றம் அடித்தோ ஒரு வாரத்தில் ஆறாவிட்டால் தோல் டாக்டரைப் பாருங்கள்.

உடம்பு ஐந்து கிலோ ஏறினாலும் இறங்கினாலும், பிள்ளை பெற்றாலும், பால் நிறுத்தினாலும் மறுபடி அளக்க வேண்டும். முதல் வரிசைக் கண்ணியில், அதாவது மிக இறுக்கமான வரிசையில் மாட்டியும் பட்டி முதுகில் ஏறினால் அந்தப் பிராவின் ஆயுசு முடிந்தது. அதன் கொக்கித் துண்டை வெட்டி எடுத்து வையுங்கள், அடுத்ததற்குப் பட்டி பிடிக்கும்போது உதவும்.