வெளிமாநிலத்துக்கு வீடு மாறப் போகிறீர்களா? அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

மூன்று வருடம் முன்பு வேளச்சேரியிலிருந்து புனேவுக்குக் குடிபோனோம். கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். போனில் விசாரித்த பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்களில் யார் குறைவாகச் சொன்னாரோ, அவருக்கே அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். சாமான் ஏறிய மூன்றாம் நாள் புது நம்பரிலிருந்து ஒரு போன். "சார், உங்க சாமான் சொன்னதவிட ஜாஸ்தி. இன்னும் பதினெட்டாயிரம் போட்டாதான் வண்டி கிளம்பும்." பாத்திரம், துணி, பையனின் பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் எங்கோ ஒரு குடோனில் கிடக்கிறது. வேறு வழியில்லாமல் கொடுத்தோம். போன வருடம் தங்கை குடும்பம் டெல்லிக்கு மாறியபோது மாப்பிள்ளையும் நானும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் ஆளைப் பிடித்தோம். அந்த வரிசையை அப்படியே தருகிறேன்.

1. முதலில் சாமான் பட்டியல்

யாருக்கும் போன் போடும் முன் அறை அறையாக எழுதுங்கள். பரணையும் பால்கனியையும் மறக்க வேண்டாம். பின்னால் "ஜாஸ்தி" என்று சண்டை வருவது அங்கிருந்துதான். இரண்டு ஊரிலும் எத்தனையாவது மாடி, லிஃப்டில் சாமான் ஏற்ற விடுவார்களா, தெருவுக்குள் லாரி வருமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியும் மே மாதமும் நெருக்கடியான நேரம். ஒரு மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

2. மூன்று பேரையாவது வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்

இணையத்தில் நம்பரைப் பதிந்தால் பத்து நிமிடத்தில் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். பலருக்குச் சொந்த வண்டியே இருக்காது. கமிஷனுக்கு வேறொருவர் கையில் மாற்றிவிடும் ஏஜெண்டுகள். அதைவிட, உங்கள் அபார்ட்மெண்டில் சமீபத்தில் வெளியூர் போனவர்களைக் கேட்பது மேல். வருகிறவரிடம் இரண்டே கேள்வி: வண்டி யாருடையது? எல்ஆர் யார் பெயரில் வரும்? எல்ஆர் என்பது லாரி ரசீது. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உங்கள் சாமானுக்குப் பொறுப்பு. இதற்கு மழுப்பினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சாமானை நேரில் பார்க்காமல் சொல்லும் விலை விலையே அல்ல.

3. ஜிஎஸ்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள்

ஐந்து நிமிட வேலை. நான் அன்று செய்யத் தவறியதும் இதைத்தான். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, மகாராஷ்டிரத்துக்கு 27, டெல்லிக்கு 07. அடுத்த பத்தும் பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் லாகின் எதுவும் இல்லாமலே அந்த எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், முகவரி, பதிவுத் தேதி, பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வந்துவிடும்.

அந்தப் பெயரை மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள்: கொட்டேஷன் தாள், பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கு, விசிட்டிங் கார்டு. பிரபலமான கம்பெனியின் பெயரோடு ஒரு சொல்லை ஒட்டிக்கொண்டு தொழில் செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். "முப்பது வருட அனுபவம்" என்று போர்டு இருக்கும். பதிவோ போன மாதத் தேதியில் இருக்கும். (ஜிஎஸ்டி வந்ததே 2017 ஜூலையில்தான், அதற்கு முந்தைய தேதியைத் தேட வேண்டாம்.) முகவரி உங்கள் ஊரில் என்றால் நேரில் போய்ப் பாருங்கள். நாங்கள் போன ஒரு முகவரியில் இருந்தது பூட்டிய மாடி அறை.

4. கொட்டேஷனில் எல்லாம் எழுத்தில்

பேக்கிங், ஏற்றுக்கூலி, வாடகை, இறக்குக்கூலி, மாடிக்கூலி, டோல், ஜிஎஸ்டி எத்தனை சதவீதம் என்று தனித்தனியாக வேண்டும். மூடிய கண்டெய்னரா, தார்ப்பாய் கட்டிய லாரியா? முழு வண்டியா, பலர் சாமானோடு சேர்ந்து போகும் பார்ட் லோடா? பார்ட் லோடு மலிவுதான். ஆனால் நடுவில் குடோனில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்கள். உடைவதும் தாமதமாவதும் பெரும்பாலும் அங்கேதான். கண்ணாடிச் சாமான் நிறைய இருந்தால் முழு வண்டிக்கே என் ஓட்டு. டெலிவரி தேதியையும், "இதற்கு மேல் கட்டணம் இல்லை" என்ற வரியையும் கேட்டு வாங்குங்கள். பணம் கம்பெனி கணக்குக்கு மட்டும். கால் பங்காவது சாமான் இறங்கிய பிறகு தருவதாகப் பேசுங்கள்.

ஈ-வே பில்லுக்கு (சரக்கு எடுத்துப்போக ஜிஎஸ்டி முறையில் ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். புழங்கிய வீட்டுச் சாமானுக்கு அது தேவையே இல்லை.

5. இன்ஷூரன்ஸா, எஃப்ஓவியா?

கொட்டேஷனில் "எஃப்ஓவி" என்று, சாமான் மதிப்பில் சில சதவீதம் போட்டிருப்பார்கள். பலர் இதை இன்ஷூரன்ஸ் என்று நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். இது அந்த கம்பெனியே தரும் வாக்குறுதி. அவர்கள் போனை எடுக்காவிட்டால் அதுவும் போச்சு. உண்மையான டிரான்சிட் இன்ஷூரன்ஸ் என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசித் தாள் உங்கள் பெயரோடு வரும். வண்டி கிளம்பும் முன் அதைக் கையில் வாங்குங்கள். எல்ஆரில் "ஓனர்ஸ் ரிஸ்க்", அதாவது சேதமானால் உங்கள் பொறுப்பு, என்று டிக் அடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. ஏற்றும் நாள்

புனேவுக்கு ஏற்றிய அன்று பேக்கர்ஸ்காரர்கள் எழுதிய சாமான் லிஸ்டில் முப்பத்தெட்டு வரி. அத்தனைக்கும் எதிரே "கீறல்" என்று ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். வாங்கி ஆறு மாதமான ஃப்ரிட்ஜுக்கும் கீறல், கிரைண்டர் கல்லுக்கும் கீறல். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பிறகு கதவு நசுங்கி வந்த ஃப்ரிட்ஜுக்கு எந்த வாயால் கேட்பது? ஒவ்வொரு வரியையும் படித்து, இல்லாத கீறலை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டிவியை ஓடவிட்டு வீடியோ எடுங்கள். வண்டி எண்ணையும் டிரைவர் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நகை, பத்திரம், சர்டிபிகேட் உங்களோடு வரட்டும். சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படையுங்கள். பைக் போகிறதென்றால் பெட்ரோலை வடித்துவிட்டு, ஆர்சி, இன்ஷூரன்ஸ் நகல் கொடுங்கள்.

7. இறக்கும்போது

எண்ணி முடிக்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். உடைந்ததை டிரைவரின் தாளிலேயே எழுதிப் படம் எடுங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எல்ஆர் போட்ட டிரான்ஸ்போர்ட் மீது வழக்குப் போட, 2007ஆம் வருடச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருட அவகாசம் உண்டு. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் போடலாம். பழைய ஊருக்கு அலைய வேண்டியதில்லை.