குளிர்கால பில்லில் நாம் கோட்டை விடும் இடங்கள்

குளிர்காலத்து பில் வந்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது, விளக்கை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளை அதட்டுவது. அப்புறம் போன் சார்ஜரைப் பிடுங்கிப் போடுவது. இரண்டும் நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் 2 யூனிட். அதே 2 யூனிட்டில் ஒரு 9 வாட் எல்இடி பல்பை 220 மணி நேரம் எரிக்கலாம். சும்மா செருகியிருக்கும் இந்தக் காலத்து சார்ஜர் அரை வாட்டுக்கும் குறைவாகவே இழுக்கும். ஆண்டு முழுக்க அப்படியே விட்டாலும் 5 யூனிட்டைத் தொடாது. ஹீட்டர் அதை இரண்டரை மணி நேரத்தில் தின்றுவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்து வீடுகள் செலவழிக்கும் மொத்த எரிசக்தியில் முக்கால் பங்குக்கும் மேல் அறையையும் தண்ணீரையும் சூடாக்கத்தான் போகிறது. வெளிச்சம் கண்ணில் படுகிறது, சூடு படுவதில்லை. அதனால் சிக்கனத்தை விளக்கில் ஆரம்பித்து விளக்கிலேயே முடித்துவிடுகிறோம். சூட்டில் ஆரம்பித்தால் பில் குறைவது கண்ணுக்குத் தெரியும்.

தெர்மோஸ்டாட்டில் நடக்கும் தவறுகள்

குளிர்ந்த வீட்டுக்குள் நுழைந்ததும் தெர்மோஸ்டாட்டை 28, 30 என்று ஏற்றிவிடுவோம், சீக்கிரம் சூடாகும் என்று. சாதாரண ஹீட்டரும் பாய்லரும் அப்படி வேலை செய்வதில்லை. எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதைத்தான் தெர்மோஸ்டாட் சொல்கிறது. எவ்வளவு வேகமாகச் சூடாகும் என்பது ஹீட்டரின் திறனைப் பொறுத்தது. 20 டிகிரிக்கு வர எடுக்கும் நேரம், 20-இல் வைத்தாலும் 30-இல் வைத்தாலும் ஒன்றுதான். 30-இல் வைத்தவர் மறந்துபோய், வியர்த்த பிறகு ஜன்னலைத் திறப்பார். காசு அந்த ஜன்னல் வழியாகப் போகும்.

இன்னொரு நம்பிக்கை இதைவிட ஆழமாக வேரூன்றியது: "அணைத்து மறுபடி போட்டால்தான் செலவு அதிகம், நாள் முழுக்க ஓடவிடுவதே மேல்." அடியில் ஓட்டை உள்ள பானையை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் மட்டம் உயர உயர ஒழுகும் வேகமும் கூடும். வீடும் அப்படித்தான். உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளியே இருக்கும் குளிருக்கும் இடைவெளி எவ்வளவு பெரிதோ, அவ்வளவு வேகமாகச் சூடு வெளியேறும். ஆள் இல்லாத எட்டு மணி நேரம் பானையை நிரம்பவே வைத்திருந்தால், ஒழுகியது முழுக்க உங்கள் கணக்கில்தான். தினமும் எட்டு மணி நேரம் தெர்மோஸ்டாட்டை 4 முதல் 5 டிகிரி வரை குளிர்காலத்தில் இறக்கியும் கோடையில் ஏற்றியும் வைத்தால், ஆண்டு முழுவதற்குமான சூடாக்கும் செலவிலும் குளிரூட்டும் செலவிலும் 10 சதவீதம் வரை மிச்சமாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஒரு விலக்கு உண்டு. ஹீட் பம்ப் (வெளியிலிருக்கும் சூட்டை உள்ளே கொண்டுவரும் கருவி) வைத்திருப்பவர்கள் ஒரேயடியாக இறக்கி ஏற்ற வேண்டாம். சில கருவிகளில் துணை ஹீட்டர் ஓட ஆரம்பித்து, மிச்சப்படுத்தியதை விழுங்கிவிடும்.

அதற்காக நடுங்கிக்கொண்டு உட்காரவும் வேண்டாம். குளிர்ப் பிரதேச வீடுகளுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதியவர்களோ கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் வீட்டில் அதற்கு மேலும் தேவைப்படலாம். அவர்கள் இருக்கும் அறையில் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

எந்த ஹீட்டர் சிக்கனம்?

எண்ணெய் நிரப்பியது, ஃபேன் வைத்தது, கம்பி சிவக்கும் வகை எதுவானாலும் சரி, சாதாரண மின் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூட்டைத்தான் தரும். "பாதி பில்லில் முழுச் சூடு" என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள். இந்தக் கணக்கை மீறுவது ஹீட் பம்ப் ஒன்றுதான். அது சூட்டை உண்டாக்காமல் வெளியிலிருந்து அள்ளிக்கொண்டு வருவதால், ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குச் சூடு கிடைப்பது சாதாரணம். உங்கள் ஏசியில் ஹீட் மோட் இருந்தால் அதுவும் பெரும்பாலும் ஹீட் பம்ப்தான். பல வீடுகளில் அது சுவரில் சும்மா தொங்க, கீழே ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இது மனசு ஆறாத விஷயம்.

ரேடியேட்டர் (சுவரோரம் நின்று அறையைச் சூடேற்றும் தகடு) உள்ள வீட்டில் அதன் முன்னால் சோபாவைப் போடுவதும், திரைச்சீலையை அதன்மேல் தொங்கவிடுவதும் வேறொரு வீண். சூடு திரைக்குப் பின்னால் ஏறி ஜன்னல் கண்ணாடி வழியே வெளியேறிவிடும்.

தண்ணீர்

குளியலறையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் ஷவரில் 10 நிமிடம் நின்றால் 90 லிட்டர். 12 டிகிரித் தண்ணீரை 40-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 3 யூனிட் வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடித்தால் அதில் பாதி. துணி துவைக்கும்போதும் மின்சாரத்தைக் குடிப்பது தண்ணீரைச் சூடாக்கும் வேலைதான். அன்றாடத் துணிக்கு 30 டிகிரி போதும். ஆனால் சேமிப்புத் தொட்டி உள்ள வாட்டர் ஹீட்டரின் சூட்டை மிகவும் குறைத்துவிடாதீர்கள். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா வளரும். தொட்டியில் 60 டிகிரி வைத்துக்கொள்வது நல்லது. குழாயில் கை வெந்துவிடாமல் குளிர்ந்த நீரைக் கலந்து பயன்படுத்துங்கள்.

எல்லா ஓட்டையையும் அடைத்துவிடலாமா?

காற்று வீசும் நாளில் ஊதுபத்தியைக் கொளுத்தி, கதவின் அடியிலும் ஜன்னல் சட்டம் சுவரைத் தொடும் இடத்திலும் குழாய் சுவருக்குள் நுழையும் துளையிலும் காட்டுங்கள். திரைச்சீலையில் மட்டும் நெருப்புப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகை சாய்கிற இடத்தில் காசு கசிகிறது. ரப்பர் பட்டையும் சிலிகான் பசையும் வாங்க ஆகும் செலவு சொற்பம். புது ஹீட்டர் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பு இல்லாவிட்டால் அடுத்து அதைக் கவனியுங்கள், சூடான காற்று மேலேதான் ஏறும். பகலில் வெயில் படும் பக்கத்துத் திரையைத் திறந்து வைத்து, பொழுது சாய்ந்ததும் மூடிவிடுங்கள்.

இதில் ஆர்வம் மிஞ்சிப்போய், வேண்டுமென்றே வைத்த காற்றோட்டத் துளைகளையும் அடைத்துவிடுவதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. சமையல், குளியல், மூச்சு எல்லாமே காற்றில் ஈரத்தைச் சேர்க்கின்றன. துணியை அறைக்குள் காயப்போட்டால் லிட்டர் கணக்கில் சேரும். அது குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சையாகும், ஆஸ்துமா உள்ளவர்களைப் படுத்தும். ஜன்னலை நாள் முழுக்க லேசாகத் திறந்து வைப்பதைவிட, ஐந்து பத்து நிமிடம் நன்றாகத் திறந்துவிட்டு மூடுங்கள். காற்று மாறிவிடும், சுவர்களில் ஏறிய சூடு அப்படியே இருக்கும்.

கேஸ், மண்ணெண்ணெய், விறகு என்று எதையாவது எரித்துச் சூடேற்றும் அறையில் காற்றோட்டத் துளையைத் தொடவே கூடாது. கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது. காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்கட்டும். ஒரே நேரத்தில் வீட்டில் பலருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுக்காதீர்கள். எல்லோரையும் உடனே வெளியே அழைத்துக்கொண்டு வந்துவிட்டு, வெளியிலிருந்தே அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.