சேமித்தவை அழியாத லினக்ஸ் பென்டிரைவை உருவாக்கும் முறை

ஒரு பென்டிரைவில் இயங்குதளத்தை ஏற்றி, எந்தக் கணினியில் செருகினாலும் அதிலிருந்தே அக்கணினியைத் தொடங்கலாம் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் வழக்கமான முறையில் உருவாக்கிய பென்டிரைவில், தட்டச்சு செய்த கட்டுரை, மாற்றிய எழுத்துரு, வைஃபை கடவுச்சொல் ஆகிய அனைத்தும் கணினியை அணைத்தவுடன் மறைந்துவிடும். அவ்வாறு மறையாமல், அடுத்த முறை தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்தே தொடரக்கூடிய லினக்ஸ் (விண்டோஸைப் போன்ற இன்னோர் இயங்குதளம்) பென்டிரைவை விண்டோஸ் கணினியின் துணையுடன் உருவாக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். கறுப்புத் திரையில் கட்டளை எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

செய்முறைக்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் பின்னால் வரும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கின்றன. லினக்ஸ் பென்டிரைவில் இயங்குதளம் முழுவதும் ஒரே பெரிய, சுருக்கப்பட்ட கோப்பாக இருக்கிறது. அதைப் படிக்க முடியுமே தவிர, அதில் எழுத முடியாது. பள்ளியில் வரைபடத்தின் மேல் பட்டர் பேப்பரை வைத்து அதன்மீது கோடு போடுவோம் அல்லவா, அதைப் போலவே நாம் செய்யும் மாற்றங்கள் யாவும் மேலே விரித்த இன்னோர் அடுக்கில்தான் பதிகின்றன. சாதாரண லைவ் பென்டிரைவில் அந்த மேலடுக்கு கணினியின் ரேமில் இருப்பதால் மின்சாரம் நின்றதும் அதுவும் போய்விடுகிறது. நாம் செய்யப்போவது, அந்த மேலடுக்கைப் பென்டிரைவிலேயே ஒரு தனிப் பிரிவில் வைப்பது மட்டுமே.

தேவையானவை

பென்டிரைவ் 32 ஜிபி அளவில், யுஎஸ்பி 3.0 வகையாக இருப்பது நல்லது. 16 ஜிபியிலும் செய்யலாம், ஆனால் விரைவில் இடம் போதாமல் போகும். அளவைவிட வேகமே இங்கு முக்கியம். சிறு சிறு கோப்புகளை ஓயாமல் எழுதுவது இயங்குதளத்தின் இயல்பு. மலிவான பென்டிரைவ்கள் திணறுவது அந்த இடத்தில்தான். பென்டிரைவில் இப்போதுள்ள கோப்புகள் அனைத்தும் அழியும் என்பதால் அவற்றை முதலில் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

இயங்குதளமாக, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22 வரிசையின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் வெளிவந்த இவ்வரிசை உபுண்டு என்னும் இன்னொரு லினக்ஸ் வகையின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். எக்ஸ்எஃப்சிஇ என்பது எளிய முகப்பு. சின்னமன் பதிப்பு கண்ணுக்கு அழகாக இருந்தாலும், பென்டிரைவிலிருந்து இயக்கும்போது எளிமைக்கே என் வாக்கு.

மூன்றாவது தேவை, பென்டிரைவில் இயங்குதளத்தை ஏற்றித் தரும் ரூஃபஸ் என்னும் இலவச மென்பொருள். நிலையான சேமிப்புப் பிரிவை உருவாக்கும் வசதி இதன் 3.7-ஆம் பதிப்பில், 2019-இல் சேர்க்கப்பட்டது. எனவே பழைய பதிப்பு கையில் இருந்தால் அதை விட்டுவிட்டுப் புதியதைப் பதிவிறக்குங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரச் சுட்டிகளைச் சொடுக்காமல், அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். இதை நிறுவத் தேவையில்லை, இரட்டைச் சொடுக்கில் திறந்துவிடும்.

படி 1: ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கிச் சரிபார்த்தல்

லினக்ஸ் மின்ட் தளத்தின் பதிவிறக்கப் பக்கத்தில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்து, அருகிலுள்ள நாட்டின் சேவையகம் ஒன்றிலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்குங்கள். அது ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும். அதே பக்கத்தில் ஷா-256 என்ற பெயரில் 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு நீண்ட சரம் கொண்ட சிறு கோப்பும் கிடைக்கும். அதையும் இறக்கிக்கொள்ளுங்கள். அந்தச் சரம் ஐஎஸ்ஓவின் கைரேகை போன்றது; கோப்பு சிறிது மாறினாலும் சரமும் மாறிவிடும் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டுக் கோப்பைச் சரிபார்க்கலாம்.

இந்தச் சரிபார்ப்பைத் தாண்டிச் செல்வோரே அதிகம். ஆனால் 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்திற்குள் ஊடுருவியவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்கச் சுட்டியைத் தாங்கள் திருத்திய, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அத்தகைய சதி எதுவும் இல்லாவிட்டாலும், இணைப்பு இடையில் அறுந்து அரைகுறையாக இறங்கிய கோப்பால் அரைநாள் வீணாவது சாதாரணமாக நடப்பதே. ரூஃபஸிலேயே இதற்கான வசதி உண்டு. ஐஎஸ்ஓவைத் தேர்ந்தபின் 'செலக்ட்' பொத்தானுக்கு அருகிலுள்ள சரிக்குறி வடிவப் பொத்தானை அழுத்தினால், அந்தக் கோப்பின் ஷா-256 மதிப்பைக் கணக்கிட்டுக் காட்டும். முதல் ஆறு எழுத்துகளையும் கடைசி ஆறு எழுத்துகளையும் ஒப்பிட்டாலே, கோப்பு இடையில் பழுதாகியிருந்தால் தெரிந்துவிடும்; மனநிறைவுக்கு முழுவதையும் ஒப்பிடுங்கள்.

படி 2: ரூஃபஸில் அமைத்தல்

பென்டிரைவைச் செருகி ரூஃபஸைத் திறந்தால், மேலே 'டிவைஸ்' என்ற இடத்தில் அதன் பெயரும் அளவும் தெரியும். வேறு பென்டிரைவோ வெளிப்புற வன்வட்டோ இணைந்திருந்தால் அவற்றை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள், ஏனெனில் தவறான ஒன்றைத் தேர்ந்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. 32 ஜிபி பென்டிரைவ் 29 அல்லது 30 ஜிபி என்று காட்டினால் கலங்க வேண்டாம். விற்பவர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது.

'செலக்ட்' பொத்தானால் ஐஎஸ்ஓ கோப்பைத் தேர்ந்ததும், அதற்குக் கீழே 'பெர்சிஸ்டன்ட் பார்ட்டிஷன் சைஸ்' என்ற பெயருடன் ஒரு நகர்த்தி தோன்றும். இந்தச் செய்முறையின் உயிர்நாடி இதுதான். இது தொடக்கத்தில் சுழியத்தில் நிற்கும். அப்படியே விட்டுவிட்டால், சேமிக்காத சாதாரண பென்டிரைவே கிடைக்கும். நகர்த்தியை வலப்பக்கம் இழுத்தோ, அருகிலுள்ள பெட்டியில் எண்ணைத் தட்டியோ 20 ஜிபி என்று வையுங்கள். கடைசி எல்லைவரை இழுத்துவிட வேண்டாம் என்பது என் பரிந்துரை. இந்த 20 ஜிபி பிரிவு லினக்ஸுக்கு உரிய வடிவில் இருப்பதால் விண்டோஸால் அதைப் படிக்க முடியாது. மீதமுள்ள 9 ஜிபியில் இயங்குதளக் கோப்புகள் போக எஞ்சும் இடமோ விண்டோஸிலும் திறக்கக்கூடியது. அச்சடிக்க வேண்டிய கோப்பு ஒன்றிரண்டை எடுத்துச் செல்ல அது உதவும்.

'பார்ட்டிஷன் ஸ்கீம்' என்ற இடத்தில் எம்பிஆர் என்பதைத் தேர்ந்தால், பழைய பயாஸ் கணினிகளிலும் புதிய யூஇஎஃப்ஐ கணினிகளிலும் பென்டிரைவ் இயங்கும் (பயாஸ், யூஇஎஃப்ஐ என்பவை கணினியை முதலில் தொடக்கிவைக்கும் உள்மென்பொருள்கள்). மற்றவற்றை ரூஃபஸ் தானே நிரப்பியிருக்கும், அவற்றைத் தொட வேண்டாம். 'ஸ்டார்ட்' அழுத்தியபின் சிறு கோப்பொன்றை இணையத்திலிருந்து இறக்கலாமா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்டால் ஐஎஸ்ஓ முறையைத் தேர்ந்தெடுங்கள்; டிடி முறை ஐஎஸ்ஓவை அப்படியே நகலெடுப்பதால் அதில் சேமிப்புப் பிரிவுக்கு இடமிருக்காது. பச்சைப் பட்டை நிறைந்து 'ரெடி' என்று காட்டியபின், முறையாக வெளியேற்றிவிட்டுப் பென்டிரைவைக் கழற்றுங்கள்.

படி 3: பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குதல்

கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, மீண்டும் இயக்கிய உடனேயே எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் பட்டியலுக்குரிய விசையை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஏசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 விசை வேலை செய்ய, பயாஸ் அமைப்பில் அதை முதலில் இயக்கிவைக்க வேண்டியிருக்கலாம். விசை பிடிபடவில்லை என்றால், விண்டோஸுக்குள் இருந்தபடி ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' சொடுக்கி, வரும் நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' வழியாகவும் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

செக்யூர் பூட் (அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளை மட்டுமே கணினியைத் தொடங்கவிடும் பாதுகாப்பு வசதி) இயங்கும் நிலையிலேயே லினக்ஸ் மின்ட் பொதுவாகத் தொடங்கும். பழைய ஐஎஸ்ஓக்களைச் சில கணினிகள் இப்போது பாதுகாப்புக் காரணம் காட்டி மறுக்கின்றன. அதற்கு முதல் மருந்து, புதிய ஐஎஸ்ஓவை எடுப்பது. செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் அக்கணினியில் பிட்லாக்கர் (வன்வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இயங்குகிறதா என்று பார்த்து, அதன் மீட்புக் குறியீட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் அடுத்த முறை விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

பட்டியலில் 'ஸ்டார்ட் லினக்ஸ் மின்ட்' என்ற முதல் வரியைத் தேர்ந்தால் சற்று நேரத்தில் முகப்பு தோன்றும். முகப்பில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்றொரு படவுரு இருக்கும். அதன் பக்கமே போக வேண்டாம். அது கணினியின் வன்வட்டில் லினக்ஸை நிறுவுவதற்கானது. கணினி பிறருடையதாக இருந்தால் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

படி 4: உண்மையிலேயே சேமிக்கிறதா என்று பார்த்தல்

தமிழ் விசைப்பலகையை அமைப்பதையே சோதனையாகக் கொள்ளலாம். பட்டியலில் 'கீபோர்டு' அமைப்பைத் திறந்து, 'லேஅவுட்' பகுதியில் கணினியின் இயல்பு அமைப்பைப் பயன்படுத்தும் தெரிவை நீக்கி, சேர்க்கும் பொத்தானை அழுத்தினால் இந்திய மொழிகளுக்கு இடையே தமிழ்நெட் 99 என்ற பெயர் கிடைக்கும். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற விசைப்பலகை அது. தனியே எந்த மென்பொருளும் நிறுவாமலே தட்டச்சு செய்யலாம். ஒரு கோப்பில் இரண்டு வரி தட்டி 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் சேமித்துவிட்டுக் கணினியை அணையுங்கள். பென்டிரைவை எடுத்துவிட்டு என்ட்டர் அழுத்தும்படி திரையில் ஒரு வரி வரும். அந்த வரி தோன்றும்வரை பென்டிரைவில் கை வைக்காதீர்கள், ஏனெனில் எழுத வேண்டியவற்றை லினக்ஸ் ரேமில் தேக்கிவைத்துக் கடைசியில் எழுதும். மீண்டும் தொடங்கியபின் விசைப்பலகையும் கோப்பும் அப்படியே இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால், பெரும்பாலும் ரூஃபஸின் அந்த நகர்த்தி சுழியத்தில் நின்றிருக்கும்.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை

பட்டர் பேப்பரை மறக்காதீர்கள். பயன்படாத மென்பொருளை நீக்கினால் இடம் கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் கீழேயுள்ள அடுக்கில் எதுவும் அழியாது. 'இது இல்லை' என்ற குறிப்பு மட்டும் மேலே எழுதப்படும். அவ்வாறே மென்பொருள் புதுப்பிப்பு ஒவ்வொன்றும் பழையதன்மேல் புதிய படியாகவே அமரும் என்பதால், எல்லாவற்றையும் ஒருசேரப் புதுப்பித்தால் பல ஜிபி கரைந்துவிடும். இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலைப் புதுப்பிப்பது முற்றிலும் வீண். கணினி தொடங்கும்போது கெர்னல் மேலடுக்கிலிருந்து எடுக்கப்படுவதில்லை, ரூஃபஸ் எழுதிய முதல் பிரிவிலிருந்தே வருகிறது. ஆகவே உலாவியை மட்டும் புதுப்பித்து, ஆண்டுக்கு ஓரிரு முறை புதிய ஐஎஸ்ஓவைக் கொண்டு பென்டிரைவையே புதிதாக உருவாக்குவது சிக்கனமான வழி.

இந்தச் சேமிப்புப் பிரிவு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டதன்று, 'மின்ட்' என்ற பயனருக்குக் கடவுச்சொல்லும் இல்லை. பென்டிரைவைக் கண்டெடுக்கும் எவரும் நீங்கள் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களோடு உங்கள் மின்னஞ்சலைத் திறக்க முடியும். வங்கி வேலைகளை இதில் செய்யாதீர்கள். மறையாக்கம் கட்டாயம் வேண்டுவோர் டெயில்ஸ் என்னும் லினக்ஸ் பதிப்பை நாடலாம். அதில் நிலையான சேமிப்பகத்தைக் கடவுத்தொடரால் பூட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது.

இன்னொன்றை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தப் பென்டிரைவை விண்டோஸில் செருகினால், படிக்க முடியாத பிரிவைப் பார்த்து, 'பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று சில கணினிகள் கேட்கும். ஜெராக்ஸ் கடை ஒன்றில் ஒரு பக்கம் அச்சடிக்கக் கொடுத்தபோது, "அண்ணே, பென்டிரைவு ஃபார்மட் கேக்குது, குடுத்துடவா?" என்று பையன் கேட்டான். கைபேசியில் பேசிக்கொண்டிருந்த நான் தலையசைத்துவிட்டேன். மூன்று மாத வேலை மூன்று நொடியில் போயிற்று. அச்சடிக்க வந்த பக்கம் மட்டும் முதல் பிரிவில் பத்திரமாக இருந்தது. அந்தக் கேள்வி எப்போது வந்தாலும் 'கேன்சல்' என்பதே விடை.

சேமிப்புப் பிரிவு நிறைந்துவிட்டால் சில வேளை முகப்பே தோன்றாமல் நின்றுவிடும். அப்போதும் கோப்புகள் போய்விட்டதாகக் கருத வேண்டாம். தொடக்கப் பட்டியலில் முதல் வரியின்மேல் நின்று ஆங்கில 'இ' விசையை அழுத்தி, வரும் வரிகளில் 'பெர்சிஸ்டன்ட்' என்ற சொல்லைத் தேடி அதை மட்டும் அழித்துவிட்டு எஃப்10 அழுத்தினால், மேலடுக்கு இல்லாமல் புத்தம்புது மின்ட் தொடங்கும். கோப்பு உலாவியின் இடப்பக்கத்தில் 20 ஜிபி அளவுள்ள பிரிவைத் திறந்து, 'அப்பர்' என்ற கோப்புறைக்குள் 'ஹோம்', அதனுள் 'மின்ட்' என்று போனால் உங்கள் ஆவணங்கள் யாவும் அங்கே இருக்கும். அவற்றை வேறொரு பென்டிரைவுக்குப் படியெடுத்தபின், பெரிய கோப்புகளை அங்கிருந்து நீக்கிவிட்டு வழக்கம்போல் தொடங்கலாம்.